புதுக் கம்பியூட்டர் ஃபைல்களைக் கெடுக்கிறது, கடைக்காரர் கரண்டைக் குறை சொல்கிறார்

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் சின்னதாக ஒரு ஸ்டூடியோ நடத்துகிறேன் சேர். பத்து கிழமைக்கு முன் கண்டியில் ஒரு கடையில் 265,000 ரூபாவுக்கு கம்பியூட்டர் ஒன்றை அசெம்பிள் பண்ணி வாங்கினேன். ஆரம்பத்திலிருந்தே நீலத் திரை வந்து தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. கல்யாணப் படங்களை சேவ் பண்ணித் திறந்தால் பாதிக்குக் கீழே சாம்பல் பட்டைதான். ஸிப் ஃபைல்கள் பழுது என்று காட்டுகின்றன. இரண்டு தடவை கடைக்குக் கொண்டு போனேன், விண்டோஸை மறுபடி போட்டுத் தந்தார்கள். இப்போது "உங்கள் ஊர் கரண்ட் சரியில்லை" என்கிறார்கள். தொழிலுக்கு வாங்கியதால் பாவனையாளர் சட்டமும் பொருந்தாதாம். பில்லில் ஒரு வருட வொரண்டி இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பில்லில் உள்ள திகதியைப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ் முறைப்பாடு செய்ய, பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம். பழுது தெரிந்த நாளோ கடைக்காரர் கடைசியாகத் திருத்தித் தந்த நாளோ கணக்கில் வராது. விண்டோஸ் போட்டுப் போட்டுத் தந்ததில் உங்கள் அவகாசத்தில் பெரும்பகுதி போய்விட்டது. கடைக்காரர் வேண்டுமென்றே செய்தாரா என்று ஆராய வேண்டாம், இந்தக் கிழமையே எழுத உட்காருங்கள்.

தொழிலுக்கு வாங்கினால் சட்டம் பொருந்தாது என்பதில் சாரமில்லை. பணம் கொடுத்துப் பெறும் பொருளையோ சேவையையோ பயன்படுத்தும் எவரும் அந்தச் சட்டத்தின்படி பாவனையாளர்தான். ஸ்டூடியோக்காரரை அது ஒதுக்கவில்லை. வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளை விற்றிருந்தால் அதிகாரசபை விசாரிக்கலாம். முறைப்பாடு நிரூபணமானால் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிடலாம். பணம் கட்டச் சொல்லியும் கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றம் மூலம் தண்டப்பணம் போல அறவிடவும் வழியுண்டு.

இனி கரண்ட் கதைக்கு வருவோம். மலையகத்தில் இந்தச் சாட்டு எடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. மழைக்கு லைட் போவதும் இடி மின்னலுக்கு டீவி எரிவதும் எல்லோருக்கும் பழக்கம். அதனால் விசாரணையில் "கரண்ட் நல்லாத்தான் இருந்தது" என்று நீங்கள் சொல்வதால் மட்டும் பயனில்லை. மெஷினையே சாட்சி சொல்ல வைக்க வேண்டும்.

விண்டோஸில் இவென்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறது. கம்பியூட்டர் ஒழுங்காக ஓஃப் ஆகாமல் மறுபடி எழும்பினால் அதில் 'கேர்னல் பவர் 41' என்று ஒரு பதிவு விழும். அந்தப் பதிவின் விவரத்தில் 'பக்செக் கோட்' என்ற வரியைப் பாருங்கள். கரண்ட் பட்டென்று போயிருந்தால் அங்கே பொதுவாக 0 இருக்கும். நீலத் திரை வந்து விழுந்திருந்தால் பெரும்பாலும் வேறு எண் இருக்கும். ஒவ்வொன்றையும் திகதி, நேரம் தெரியும்படி போனில் படம் எடுங்கள். கடையில் மறுபடி விண்டோஸ் போட்டால் இதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

நீலத் திரையும், படம் பாதியில் கெடுவதும், ஸிப் திறக்காததும் சேர்ந்து வந்தால் கம்பியூட்டர் தெரிந்தவர்கள் முதலில் சந்தேகப்படுவது ரேமை, அதாவது வேலை நடக்கும்போது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகத்தைத்தான். அதைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 என்ற புரோகிராம் இருக்கிறது. யூஎஸ்பியில் போட்டு பூட் பண்ணினால் விண்டோஸின் தலையீடு இல்லாமல் ரேமை மட்டும் சோதிக்கும், இரவு முழுக்க ஓடவிட வேண்டும். ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்.எம்.பி என்ற செட்டிங் பயோஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரையில்) ஓனாக இருந்தால், அப்படியே ஒரு தடவையும் ஓஃப் பண்ணி ஒரு தடவையும் ஓட்டுங்கள். அதை ஓன் பண்ணியது கடையா நீங்களா என்பதை முறைப்பாட்டில் உண்மையாகச் சொல்லிவிடுங்கள், எதிர்த்தரப்பு அதைக் கட்டாயம் கேட்கும்.

என் யோசனை, இதே சோதனையைக் கடையில், கடையின் கரண்டில், அவர்களுடைய யூபிஎஸ்ஸில் செய்யச் சொல்லுங்கள் என்பது. கண்டியிலும் மெம்டெஸ்ட் பிழை காட்டும் சிவப்பு வரிகள் வந்தால் தலவாக்கலை லைன் மேல் பழி போட்டுத் தப்புவது கஷ்டம். மறுத்தால், மறுத்ததையே கடிதத்தில் எழுதலாம். கேசிங்கை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். வொரண்டி ஸ்டிக்கர் கிழிந்தால் பேச்சு ரேமிலிருந்து ஸ்டிக்கருக்கு மாறிவிடும். மெஷினை ஒப்படைக்கும்போது 'ரிப்பேர்' என்று மட்டும் எழுதிய துண்டை வாங்கி வராமல், நீலத் திரை, ஃபைல் பழுது என்பதையும் பாகங்களின் சீரியல் இலக்கங்களையும் ஜொப் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பில்லின் பின்பக்கத்தையும் வாசியுங்கள். எரிந்த தடம், மின்னல், துரு என்றால் வொரண்டி இல்லை என்று அச்சடித்திருப்பார்கள். உங்கள் பிரச்சினை அதில் அடங்காது. சரி, வொரண்டியே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இருக்கிறது. படம் எடிட் பண்ணத்தான் என்று சொல்லி, கடைக்காரரின் அறிவை நம்பி வாங்கியிருந்தால், அந்த வேலைக்குப் பொருள் உதவ வேண்டும் என்பது விற்பனையில் அடங்கிய நிபந்தனை. ஆனால் இரு தரப்பும் வெளிப்படையாக ஒத்துக்கொண்டால் அந்த நிபந்தனையை விலக்கலாம். அதனால்தான் பின்பக்கத்தை வாசிக்கச் சொல்கிறேன்.

கடைக்குக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பழுது என்ன, எப்போதெல்லாம் கொண்டு போனீர்கள், வேண்டியது பாகம் மாற்றமா முழுப்பணமா, எத்தனை நாளுக்குள், இவ்வளவு போதும். பதிலுக்காகக் காத்திருக்காமல் அதிகாரசபைக்கும் முறைப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள். நுவரெலியா கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) விசாரித்தால் வழி காட்டுவார்கள், அதிகாரசபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கும் பேசலாம். ஆனால் போனில் பேசியதை நம்பி இருக்காதீர்கள், சட்டம் கேட்பது எழுத்து மூல முறைப்பாடு. தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் எழுதிப் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது.

மூன்று மாதம் தவறினாலும் வழக்குரிமை போகாது. எழுத்து ஒப்பந்தம் என்றால் ஆறு வருடம், வாய்ப்பேச்சு என்றால் மூன்று வருடம் உண்டு. ஆனால் இந்தத் தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் வராவிட்டால் சான்றிதழ் வாங்கித்தான் நீதிமன்றம் போகலாம். அலைச்சல் அதிகம்.

கெட்டுப்போன படங்களுக்கான நட்டத்தையும் கேளுங்கள், ஆனால் கடைக்காரர் அதைக் கடைசிவரை எதிர்ப்பார். கெமரா கார்டுகளை இப்போதைக்கு அழிக்க வேண்டாம். இந்த மெஷின் வழியாக பேக்கப் எடுத்தால் அந்தக் கொப்பியும் கெடலாம், வேறு கம்பியூட்டரில் எடுங்கள். கல்யாண வீட்டாருக்கும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு நீங்கள்தான் பொறுப்பு, கடைக்காரர் அல்ல. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் கையெழுத்துடன் பற்றுச்சீட்டு வாங்கி அதையும் முறைப்பாட்டோடு இணைத்துவிடுங்கள்.