நீலகிரி மேட்டில் புல், பள்ளத்தில் காடு: ஏன்?

நீலகிரி மேடுகள் புல்லாக இருப்பதற்கு மரங்களை யாரோ வெட்டியதுதான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அந்தப் புல்வெளி மிகப் பழையது. அங்குள்ள சதுப்புகளில் தாவர மிச்சங்கள் மட்கிப் படிந்த கரி மண்ணை ஆராய்ந்ததில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழிக் காலத்தின் குளிரிலும் வறட்சியிலும், புல்லே ஓங்கியிருந்தது தெரிகிறது. பிறகு ஈரம் கூடியபோது காடு விரிந்தது, குறைந்தபோது சுருங்கியது.

இன்றும் சோலை மரம், அதாவது பள்ளத்துக் காட்டின் மரம், மேட்டுக்கு எளிதில் ஏறுவதில்லை. ஜனவரி இரவில் திறந்த புல்வெளியில் உறைபனி விழும், இளங்கன்று கருகிவிடும்; அதே கன்று மரக்கூரைக்குக் கீழே, ஈரம் தங்கும் மலை மடிப்பில் முளைத்திருந்தால் பிழைத்துக்கொள்ளும். காட்டுப் பூவரசு (ரோடோடென்ட்ரான்) மட்டும் விதிவிலக்கு. தடித்த பட்டையோடு புல்லின் நடுவே தனியாக நின்று சிவப்பாகப் பூக்கும். அதன் நெருங்கிய உறவுகள் இருப்பது இமயமலையில்! குளிர்ந்த காலத்தில் பரவி, வெப்பம் கூடியதும் மலையுச்சிகளில் ஒதுங்கிய இனம் என்பதே பலரின் விளக்கம்.

சரி, மனிதர்கள்? தோடர்களின் எருமை மேய்ச்சலும் தீயும் புல்லோடு ஒத்துப்போயின. உண்மையான அடி 1840களுக்குப் பின் விழுந்தது. விறகுக்காக ஆங்கிலேயர் கொண்டுவந்த கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்), சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடவும் செயற்கைப் பட்டுக்கும் இன்னும் பெரிதாக நடப்பட்டன. புல்வெளியைத் தரிசு என்று நினைத்ததுதான் பெரிய தவறு. சீகை விதை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கும், தீ பட்டால் கூட்டமாக முளைக்கும், அதனால் மரத்தை வெட்டினால் மட்டும் புல் திரும்பிவிடாது. கன்றுகளை வருடாவருடம் பிடுங்க வேண்டும்.