"வேலை செய்யல, சீக்கிரம் சரி பண்ணுங்க": திறமூலத் திட்டம் நடத்துவோருக்கான கேள்வி பதில்

திறமூல மென்பொருள் (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்) திட்டங்களைப் பராமரிப்பவர்களும் புதிதாகப் பங்களிப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, எங்க பைத்தான் லைப்ரரிக்கு "வேலை செய்யல, சீக்கிரம் சரி பண்ணுங்க"ன்னு ஒரே வரியில இஷ்யூ (பிழைப் புகார்) போடுறாங்க. விவரம் கேட்டா பதில் வரதில்ல.

பல பேருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்றே தெரியாது. "கூடுதல் விவரம் தேவை" என்று நீங்கள் எழுதினால் அவர் திகைத்துப் போய்விடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்: "டெர்மினலில் பிப் ஃப்ரீஸ் (நிறுவியுள்ள பைத்தான் தொகுப்புகளைப் பட்டியலிடும் கட்டளை) கொடுத்து, வருவதை அப்படியே ஒட்டுங்கள். எரர் மெசேஜ் முழுசும் வேண்டும், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். பிரச்சினை வருகிற பத்து வரி கோடு இருந்தால் அதையும் சேருங்கள்." கிட்ஹப்பில் பொது ரெப்போ (எல்லோரும் பார்க்கக்கூடிய கோடு கிடங்கு) என்றால் இதையே இஷ்யூ படிவமாக வைத்து, பெட்டிகளை நிரப்புவதைக் கட்டாயமாக்கலாம். இரண்டு வாரம் பார்த்தும் பதில் இல்லையா, "விவரம் வந்ததும் திரும்பத் திறக்கலாம்" என்று எழுதி மூடிவிடுங்கள். அதில் குற்ற உணர்ச்சியே வேண்டாம்.

கேள்வி: நான் ஒருத்தனே ஒரு டூல் பராமரிக்கிறேன். ரெண்டு மூணு பேர் மாத்தி மாத்தி "புராஜெக்ட் செத்துப்போச்சு, வேற யாருக்காவது கொடுத்துடு"ன்னு நச்சரிக்கிறாங்க. கொடுத்துடலாமான்னு தோணுது.

அந்த அழுத்தத்துக்குப் பணிந்து கொடுக்கவே கொடுக்காதீர்கள் தம்பி. எக்ஸ்-இஸட் யூட்டில்ஸ் கதையைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். லினக்ஸ் உலகம் முழுக்கப் பயன்படும் அந்தச் சுருக்கும் மென்பொருளை லாசே கொலின் ஏறக்குறையத் தனி ஆளாகப் பார்த்துவந்தார். 2022-இல் சில கணக்குகள் வந்து, வேலை மெதுவாக நடக்கிறது, புதுப் பராமரிப்பாளர் வேண்டும் என்று விடாமல் குடைந்தன. தனக்கு நீண்ட நாளாக மனநலப் பிரச்சினை இருப்பதையும், இது சம்பளமில்லாமல் செய்கிற வேலை என்பதையும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அதன் பிறகும் நச்சரிப்பு நிற்கவில்லை. அதே சமயத்தில் "ஜியா டான்" என்ற பெயரில் ஒருவர் பொறுமையாகப் பேட்ச் (கோடு திருத்தம்) அனுப்பி, நம்பிக்கை சம்பாதித்து, இணைப் பராமரிப்பாளர் ஆனார். 2024-இல் வந்த 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் பின்கதவு (திருட்டுத்தனமாக உள்ளே நுழைய ஒளித்துவைத்த வழி) இருந்தது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்து நோண்டிப் பார்த்த மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ன்ட், மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார். நச்சரித்த கணக்குகளும் அதே சதியின் பகுதி என்றுதான் ஆய்ந்தவர்கள் பலரும் கருதுகிறார்கள்.

உங்களை நச்சரிப்பவர்கள் சதிகாரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் களைத்துப்போன நேரத்தில் எடுக்கிற முடிவு உங்கள் பயனர்கள் எல்லோரையும் பாதிக்கும். திட்டத்தின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் "மாதம் ஒருமுறைதான் பார்ப்பேன்" என்று எழுதிவையுங்கள். மெர்ஜ் உரிமையை (மற்றவர்கள் அனுப்பும் மாற்றங்களைக் கோடில் சேர்க்கும் உரிமை), பல மாதம் வேலை பார்த்து நீங்களாகத் தேர்ந்தெடுத்த ஆளுக்கு மட்டும் கொடுங்கள். நச்சரிப்பு நடக்கும் அந்த உரையாடல்களை, யாரும் மேலே எழுத முடியாதபடி இன்றைக்கே லாக் செய்யுங்கள்.

கேள்வி: சார், நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். ரீட்மீல என் பேரைச் சேர்த்து புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்ற கோரிக்கை) போட்டேன். ஸ்பாம்னு மூடிட்டாங்க. ஏன்?

உங்கள் ஆர்வத்தில் தப்பில்லை, சொல்லிக்கொடுத்த வீடியோவில்தான் தப்பு. திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்கும் அக்டோபர் மாத நிகழ்வான ஹாக்டோபர்ஃபெஸ்டில், 2020-இல், பரிசாகக் கிடைக்கும் டி-ஷர்ட்டுக்காக ஆயிரக்கணக்கில் இப்படி வந்து குவிந்து, "விருப்பப்பட்ட ரெப்போக்கள் மட்டும்" என்று அந்த மாதமே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. நீங்கள் தினமும் பயன்படுத்தும் மென்பொருளில் உங்களுக்கே இடறிய ஒன்றைத் திருத்தி அனுப்புங்கள். ஆவணத்தில் வேலை செய்யாத ஒரு கட்டளையைச் சரிசெய்தாலும் போதும், மனதார வரவேற்பார்கள்.

கேள்வி: குழுவில் மூத்தவர் ஒருவர் நன்றாகக் கோடு எழுதுவார். ஆனால் புதியவர்களிடம் "கூகுள் பண்ணத் தெரியாதா?" என்றே எரிந்து விழுகிறார்.

உதவாத பயனரைவிட இவரால் நஷ்டம் அதிகம். திட்டு வாங்கியவர் சத்தமில்லாமல் போய்விடுவார், அது உங்கள் கணக்கிலேயே வராது. முதலில் தனியாகப் பேசுங்கள், அவர் எழுதிய வரிகளையே எடுத்துக் காட்டுங்கள். 2018 செப்டம்பரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே தன் கடுஞ்சொற்களுக்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் திட்டத்துக்கும் நடத்தை விதிகள் வந்தன. சொல்லியும் மாறாவிட்டால் பதில் சொல்லும் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஏஐ எழுதிய பாதுகாப்பு அறிக்கைகள் குவியுது. எங்க கோடுல இல்லாத ஃபங்ஷனைக் காட்டி ஓட்டைன்னு சொல்றாங்க.

ஓட்டையை நிரூபிக்கும், ஓடக்கூடிய கோடு இல்லாமல் படிக்கவே படிக்காதீர்கள். இந்தத் தொல்லை தாங்காமல்தான் இணையம் வழியே தரவு அனுப்பிப் பெறும் கர்ல் என்ற கருவியை நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்க், ஓட்டை கண்டுபிடிப்பவர்களுக்குப் பணம் தர 2019 முதல் நடந்துவந்த பரிசுத் திட்டத்தை 2026 ஜனவரியோடு நிறுத்தினார்.

கேள்வி: ஒரு கம்பெனிக்காரர் "புரொடக்‌ஷன் நின்னுபோச்சு, இன்னைக்கே சரி பண்ணணும்"னு மிரட்டுறார். பத்து பைசா கொடுத்ததில்ல.

உங்கள் திட்டம் எம்ஐடி என்ற திறமூல உரிமத்தில் இருந்தால், அதிலேயே "உள்ளது உள்ளபடி, உத்தரவாதம் இல்லை" என்று இருக்கிறது, அதைக் காட்டுங்கள். ஜாவா நிரல்கள் பரவலாகப் பயன்படுத்தும் லாக்4ஜே லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெடித்த பிறகு, 2022 ஜனவரியில் ஒரு பெரிய நிறுவனம் ஸ்டென்பெர்க்கிடமே 24 மணி நேரத்தில் பதில் கேட்டது. ஆதரவு ஒப்பந்தம் போட்டதும் எல்லாக் கேள்விக்கும் மகிழ்ச்சியாகப் பதில் சொல்கிறேன் என்று அவர் எழுதினார். நீங்களும் மரியாதையாக இரண்டு வழி சொல்லுங்கள்: பேட்ச் அனுப்பினால் பார்க்கிறேன், இல்லையென்றால் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். அதற்கும் மிரட்டினால் பிளாக்.