காரின் மேல் உதிரும் பூ

அன்புள்ள சார்,

மென்பொருள் துறையில் வேலை. மேடவாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மனைவியும் வேலைக்குப் போகிறாள். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. போன மே மாதம் கொடைக்கானல் போனோம். மூன்று மாதம் முன்பே அறை பதிவு செய்து, இ-பாஸ் எடுத்து, எல்லாம் திட்டமிட்டுத்தான் போனோம். வெள்ளி நீர்வீழ்ச்சிக்குக் கீழே மூன்று மணி நேரம் வண்டி நகரவில்லை. பையன் செல்போனில் மூழ்கிவிட்டான். மனைவி பேசவே இல்லை. இரண்டாம் நாள் மகள், "வீட்டுக்கே போயிடலாமாப்பா?" என்றாள். இதோ, அடுத்த கோடையும் வந்துவிட்டது. கூட்டம் இல்லாத இயற்கையான இடங்கள் ஏதாவது சொல்ல முடியுமா? பிள்ளைகளைச் செல்போனிலிருந்து மீட்பது எப்படி? குடும்பத்தோடு சந்தோஷமாக இருக்க எங்கள் தலைமுறைக்குத் தெரியவில்லையா? நாங்கள் இருக்கும் பக்கம் இயற்கை என்று எதுவும் கிடையாது. வளாகத்தில் ஒரே ஒரு வேப்பமரம். அதுவும் கார்கள் மேலெல்லாம் பூவைக் கொட்டுகிறது. கிளைகளை வெட்ட வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆள் வரச் சொல்லியிருக்கிறோம்.

ஆர்., சென்னை.

*

அன்புள்ள ஆர்.,

கடைசியாக எழுதிய அந்த மூன்று வரி இல்லாவிட்டால் உங்களுக்கு நான் பதில் எழுதியிருக்க மாட்டேன். பங்குனிக் கடைசியில் ராஜபாளையம் போயிருந்தேன். நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை இடித்துவிட்டார்கள். முற்றத்து வேம்பு மட்டும் புதுக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, பூத்து நிற்கிறது. சாயங்காலம் அந்த வாசனையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து வேறு எதிலும் மனம் ஓடவில்லை. அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் நீங்கள் கேட்டவை. கூட்டம் இல்லாத இடங்களின் பட்டியல் என்னிடம் இல்லை. இருந்தாலும் தர மாட்டேன். தந்தால் அடுத்த கோடையில் அங்கேயும் இ-பாஸ் வந்துவிடும். 2024 மே மாதம் நீதிமன்றம் தலையிட்டு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அதைக் கொண்டுவந்தது ஏன் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்த மலைகளால் நம்மைத் தாங்க முடியவில்லை. செல்போன் விஷயம்: வண்டி நகராத அந்த மூன்று மணி நேரமும் நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தலைமுறை என்றெல்லாம் பெரிய பேச்சு வேண்டாம். உங்கள் பெண் வீட்டுக்குப் போகலாம் என்றாளே, அதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

ஆனால் "இயற்கை என்று எதுவும் கிடையாது" என்று எழுதினீர்கள் பாருங்கள், அதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. மேடவாக்கத்தில் இருந்துகொண்டு இதை எழுத எப்படி மனம் வந்தது? பள்ளிக்கரணை சதுப்பு நிலம் உங்களுக்குக் கூப்பிடு தூரம். 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்து உலகமே மதிக்கிற இடம். அதன் ஓரமாக வண்டியை ஓட்டித்தானே தினமும் அலுவலகம் போகிறீர்கள்? அங்கே நீளவால் இலைக்கோழி என்று ஒரு பறவை உண்டு. நீண்ட விரல்களால் மிதக்கும் இலைகள் மேலேயே நடந்து போகும். பெண் முட்டையிட்டுவிட்டு வேறு துணை தேடிப் போய்விடும். முட்டைகளின் மேல் உட்காருவதும், பொரிந்த குஞ்சுகளைக் கூடவே இருந்து வளர்ப்பதும் அப்பன்தான். வாசலில் இதை வைத்துக்கொண்டு பிள்ளைகளை 500 கிலோமீட்டருக்கு அப்பால் கூட்டிப்போய் வெயிலில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

சரி, அது இருக்கட்டும். நான் பேச வந்தது வேப்பமரத்தைப் பற்றி.

அப்பா ஒரு நூற்பாலையில் சைடர். நூற்பு எந்திரத்தின் முன்னால் மேலும் கீழுமாக நடந்துகொண்டே, அறுந்த இழையைக் கண்டுபிடித்து ஒட்ட வேண்டும். பகல் ஷிப்ட் என்றால் நாங்கள் எழும் முன்னே போய்விடுவார். முழு நைட் என்றால் பகலெல்லாம் தூங்குவார், நாங்கள் மூச்சுவிடாமல் நடப்போம். காதோரத்து முடியில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். எனக்கு அவரைப் பற்றி அதற்கு மேல் தெரியாது. 1983-இல் எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஆறு. அந்தச் சித்திரையில் மில்லைக் கதவடைத்தார்கள். அப்பா வீட்டில் இருந்தார்.

அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. முதல் நாலைந்து நாள் மரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு ராத்திரி பழைய வேட்டி ஒன்றை எடுத்து மரத்தடியில் விரித்தார். விடிகாலையில் எங்கள் இரண்டு பேரையும் எழுப்பினார். வேட்டி முழுக்கப் பூ. நாலு முனையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து நாங்கள் தூக்கினோம், அம்மாவும் வந்து ஒரு முனையைப் பிடித்தாள். எங்கள் வீட்டில் நாலு பேரும் சேர்ந்து செய்த வேலை என்று என் நினைவில் இருக்கும் முதல் வேலை அதுதான். காம்பும் தூசும் பொறுக்கி, மொட்டை மாடியில் காயப்போட்டு, ஜாடியில் அடைத்தோம். வேப்பம்பூ ரசத்துக்கு நெய் கிடையாது, நல்லெண்ணெயில்தான் வறுத்தாள். அந்தக் கசப்பு நாக்கில் இன்னும் இருக்கிறது.

உங்கள் கார் மேல் விழுவது இந்தப் பூதான், ஆர்.

நடுக்கிளையில் ஒரு காகக் கூடு இருந்தது. சுள்ளியோடு இரும்புக் கம்பித் துண்டுகளும் வைத்துக் கட்டியது. அப்பாவுக்குப் பறவைகளைப் பற்றிப் படிப்பறிவு ஒன்றும் கிடையாது. ஆனால் ஆயிரம் இழைகளில் அறுந்த ஒன்றைப் பார்த்துப் பழகிய கண். நேற்று இல்லாதது இன்று இருந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். ஒருநாள் மத்தியானம் பக்கத்து வீட்டு முருங்கையில் கறுப்புக் குயில் உட்கார்ந்து விடாமல் கத்தியது. காகங்கள் இரண்டும் அதைத் துரத்திக்கொண்டு போயின. "அங்க பாக்காத, இங்க பாரு" என்று அப்பா என் முகத்தைத் திருப்பினார். உடம்பெல்லாம் புள்ளியாக ஒரு பெண் குயில் எங்கள் மரத்துக்குள் நுழைந்து, நான் மூச்சு விட்டு முடிப்பதற்குள் வெளியே பறந்து போனது. தன் கைகள் என் கன்னத்தில் இருப்பதை மறந்து அவர் வெகுநேரம் அப்படியே நின்றார்.

காக முட்டை பொரிய 16, 17 நாள் ஆகும். குயில் முட்டைக்கு 12 முதல் 14 நாள் போதும். முந்திப் பொரிந்து முந்தி வாயைத் திறந்துவிடும். இதெல்லாம் நான் பிற்பாடு படித்தது. அப்போது நாங்கள் சுவரில் கரியால் கோடு போட்டு நாள் எண்ணினோம், அவ்வளவுதான். வைகாசி பிறந்தபின் காகம் இரை கொண்டுவரத் தொடங்கியது. குஞ்சு பெரிதாகிக் கிளைக்கு வந்து சிறகை அடித்துக் கத்தியது. தங்கை கேட்டாள், "அது தம்பிள்ள இல்லன்னு காக்காவுக்குத் தெரியாதாப்பா?"

"தெரிஞ்சாத்தான் என்னம்மா? வாயத் தொறந்து கேக்குதுல்ல" என்றார்.

சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். ராத்திரிதான் திரும்பி வந்தார், ஒரு தூக்குவாளியில் நுங்கு வாங்கிக்கொண்டு. அன்றைக்கு அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிருந்தது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். அதனால் நான் வறுமையைப் புகழ்கிறேன் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். அந்த வருஷம் அம்மா பட்ட பாட்டுக்கு எந்தக் குயிலும் ஈடாகாது. கூலி இல்லாத வீட்டில் பயம் இருந்தது, சண்டை இருந்தது. அந்தப் பயத்தின் நடுவிலும் தினம் காலையில் அந்த மனிதர் எங்களைக் கூட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போனார் என்பதைத்தான் சொல்கிறேன்.

ஒரே மரம். அதைத் தினமும் பார்த்தோம். மாசியில் இலையெல்லாம் உதிர்ந்து கிடக்கும், பிறகு செம்பு நிறத்தில் தளிர் வரும், பூ வரும், பூ நின்றதும் பச்சைக் காய் பிடிக்கும், ஆனியில் அது மஞ்சளாகப் பழுத்து, மைனாவும் காகமும் போடும் கூச்சலில் மரமே இரண்டு பட்டுவிடும். கீழே விழும் வேப்பமுத்தைப் பொறுக்கிக் காயவைத்துப் படிக்கணக்கில் கடையில் போட்டு நாங்கள் நோட்டு வாங்கியிருக்கிறோம். இதில் எதுவும் இரண்டு பகல் மூன்று இரவுப் பயணத்தில் கிடைக்காது. மலையில் நீங்கள் ஒரு மரத்தைப் பார்க்கலாம். அது நேற்று எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது, நாளைக்குப் பார்க்க நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். பிள்ளைகளுக்கு அதில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஏழு வயதுப் பையன் தன் அப்பாவோடு நாற்பது நாள் ஒரு கூட்டைப் பார்த்தால், நாற்பது நாளும் அப்பாவிடம் சொல்ல அவனிடம் ஏதாவது இருக்கும். உங்கள் மனைவிக்கும் இருக்கும். அவரை ஏன் பேசவில்லை என்று கேட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணோம். கேளுங்கள்.

நேரம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அலுவலகம் போகும் முன் காரைத் துடைக்கிறீர்கள் அல்லவா, அந்தப் பத்து நிமிஷம் போதும்.

ஆனி முதல் வாரம் மில் திறந்தது. அப்பா மறுபடி விடியுமுன் போகத் தொடங்கினார். பஞ்சு மறுபடி காதோரத்துக்கு வந்துவிட்டது. நானும் பள்ளிக்கூடம் போய்விட்டேன். ஒரு ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவர், கைகால் கூடக் கழுவாமல் என்னை எழுப்பி, "கூட்டுல இப்ப என்னடா இருக்கு?" என்று கேட்டார். நான் இரண்டு நாளாகப் பார்க்கவில்லை. தூக்கத்தில் ஏதோ சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. நாளைக் காலை இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கீழே போங்கள். காகங்கள் கூடு வைத்திருக்கும் காலம் இது, கிளை கிளையாகப் பாருங்கள். பையனுக்குத் தெரியவில்லை என்றால் தோளில் தூக்கிக்கொள்ளுங்கள், ஏழு வயது வரைக்கும்தான் தூக்க முடியும். கூடு இருந்தால் மரம் வெட்டுகிறவரைக் கூப்பிட்டு ஆடி வரைக்கும் வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குடியிருப்போர் சங்கத்தில் கேட்டால் உங்கள் பெண்ணைப் பேசவிடுங்கள். கூடு இல்லாவிட்டாலும் ஒரு பழைய வேட்டியை விரித்துப் பாருங்கள். காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள்.

என்ன இருந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ச.