கேண்டிட் தெருப் புகைப்படம் என்றால் என்ன, ஏன் சொல்லிவிட்டு எடுப்பதில்லை?

முன்பின் தெரியாத மனிதர்களை அவர்கள் போக்கிலேயே, போஸ் கொடுக்கச் சொல்லாமல், எதையும் நகர்த்தி வைக்காமல் எடுப்பதுதான் கேண்டிட். ஏன் அப்படி? கேமராவைப் பார்த்த நொடியே யாருக்கும் தோள் விறைத்துவிடும், முகம் மாறிவிடும். பேருந்துப் படியில் ஒரு கால், தரையில் ஒரு கால், வாயில் பயணச்சீட்டைக் கவ்விக்கொண்டு பையைத் துழாவும் ஒரு பெண்ணிடம் "இன்னொரு முறை அப்படியே நில்லுங்கள்" என்று கேட்டால் கிடைப்பது நடிப்புதான்.

பெருநகரத்தில் இந்தக் கணங்கள் ஒரு நொடிகூடத் தங்காது, ஃபோகஸ் தேட நேரமே இருக்காது. ஸ்லிப்பில் நிற்கும் ஃபீல்டர் பந்து மட்டையில் பட்ட பிறகா கையைத் தயார் செய்வார்? இங்கேயும் அதே கதைதான். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்டது) அகன்ற காட்சி தரும் 28 மி.மீ. லென்ஸ், லென்ஸின் துளை அளவு எஃப் 8, ஃபோகஸ் 2.5 மீட்டர் என்று முன்கூட்டியே வைத்துவிட்டால், சுமார் 1.5 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை எல்லாம் போதுமான தெளிவோடு விழும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/500 நொடி என்றால் நடப்பவர்களும் கலங்கித் தெரிய மாட்டார்கள். அப்புறம் வேலை கண்ணுக்குத்தான். 1932-இல் பாரிஸில், தேங்கிய நீரைத் தாண்டும் மனிதரை பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் எடுத்த படத்தைப் பாருங்கள், குதிகால் நீரைத் தொடுவதற்குச் சற்று முன்பு!

தூரத்தில் ஒளிந்துகொண்டு பெரிய ஜூம் லென்ஸால் எடுப்பதுதான் கேண்டிட் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இதில் ஊறியவர்கள் பெரும்பாலும் 28 அல்லது 35 மி.மீ. லென்ஸோடு பக்கத்திலேயே, எல்லார் கண்ணிலும் படும்படி நின்றுதான் எடுக்கிறார்கள்.