கஞ்சிக்கோடு, கிண்டி, சான்சிபார்: ஐஐடி வளாகங்கள் பற்றிக் கேட்டீர்கள்

சென்னை ஐஐடி பற்றி நம்ம கேரள-தமிழக எல்லைப் பக்கத்து ஆட்கள் கேட்ட கேள்விகளை இந்த வாரம் எடுத்துக்கொண்டேன். அங்கே எம்.டெக் படித்தவன் என்பதால் என்னைப் பிடித்துவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

வேலந்தாவளம், ஒரு அப்பா: சார், கஞ்சிக்கோட்டில் இருப்பது சென்னை ஐஐடியின் கிளைதானே? பையனை இங்கே சேர்த்துவிட்டு ரெண்டாம் வருஷம் சென்னைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்களே?

கிளை இல்லைங்க. பாலக்காடு ஐஐடி தனி நிறுவனம், பட்டமும் அதன் பெயரில்தான் வரும். 2015-இல் தொடங்கியபோது சென்னை ஐஐடி கைப்பிடித்து நடத்தியது. அந்தப் பேச்சுதான் இன்னும் ஊருக்குள் சுற்றுகிறது. முதலில் வகுப்புகள் நடந்தது கோழிப்பாறை அஹல்யா வளாகத்தில். நீங்கள் வேலந்தாவளத்துக்காரர், அந்தக் காற்றாலைகளைத் தாண்டாமல் பாலக்காடு போயிருக்க மாட்டீர்கள். இப்போது கஞ்சிக்கோட்டில் சுமார் 500 ஏக்கரில் சொந்த இடம். ஒரு பகுதிக்கு நிளா, இன்னொன்றுக்கு சஹ்யாத்ரி என்று பெயர். நிளா என்றால் வேறொன்றுமில்லை, நம்ம சித்தூர்ப்புழை போய்க் கலக்கிற பாரதப்புழைதான்.

மாற்றிக்கொள்ளலாம் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். கவுன்சலிங்கில் எந்த ஐஐடி கிடைக்கிறதோ அங்கேதான் படிப்பு.

கொழிஞ்சாம்பாறை, பிளஸ் டூ மாணவி: அண்ணா, அப்படியானால் சென்னை ஐஐடிக்கென்று எத்தனை வளாகம்?

மூன்று. கிண்டிக் காட்டை ஒட்டிய பழைய வளாகம், கேளம்பாக்கத்துக்குப் பக்கத்தில் தையூர், அப்புறம் கடல் தாண்டி, ஆப்பிரிக்காவில் தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவு.

பழைய வளாகம் 1959-இல் அன்றைய மேற்கு ஜெர்மனியின் உதவியோடு வந்தது. சுமார் 250 ஹெக்டேர். மெயின் கேட்டிலிருந்து விடுதிப் பக்கம் நடந்தால் அரை மணி நேரம் ஆகும். உள்ளேயே பஸ் ஓடுகிறது, ஆனாலும் முக்கால்வாசிப் பேர் சைக்கிள்தான். ஆலமர நிழலில் புள்ளிமான் கூட்டம் படுத்திருக்கும், மணியடித்தாலும் நகராது, நாம்தான் ஒதுங்கிப் போக வேண்டும். வெளிமானும் உண்டு.

சித்தூர், ஒரு அம்மா: பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பப் பயமாக இருக்கிறது. விடுதி, ஆஸ்பத்திரி எல்லாம் எப்படிங்க?

பயப்படாதீங்க அக்கா. ஆஸ்பத்திரி, பாங்க், கடை, நீச்சல்குளம் எல்லாம் வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. பேராசிரியர்கள், ஊழியர்களின் குடியிருப்பும் உள்ளேதான். அந்த வீட்டுப் பிள்ளைகள் படிக்க இரண்டு பள்ளிக்கூடங்கள்கூட உண்டு. விடுதிகளுக்கு ஆறுகளின் பெயர்: காவேரி, நர்மதா, பம்பா என்று போகும். பெண்களுக்கு சராவதி, சரயு, சபர்மதி போன்றவை.

பயப்பட வேண்டியது குரங்குக்குத்தான். நான் சேர்ந்த முதல் மாதம் வீட்டிலிருந்து அரைக்கிலோ நேந்திரங்காய்ச் சிப்ஸ் கொண்டுபோனேன். ஜன்னல் கொக்கியைப் போடாமல் குளிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஒன்று சன்ஷேடில் உட்கார்ந்து, பொட்டலத்தை மடியில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்தும் அவசரப்படவில்லை. பிள்ளைக்கு இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பா வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.

வாளையார், பெயர் சொல்லாதவர்: தையூரில் என்ன இருக்கிறது?

163 ஏக்கர். அதற்கு டிஸ்கவரி வளாகம் என்று பெயர். இடம் அதிகம் பிடிக்கிற ஆராய்ச்சிகளை அங்கே வைத்திருக்கிறார்கள். துறைமுகம், கரையோரம் பற்றிய ஆய்வுக்குச் செயற்கையாக அலை எழுப்பும் பெரிய தொட்டி இருக்கிறது. காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் வண்டி ஓட்டிப் பார்க்கும் ஹைப்பர்லூப் சோதனைத் தடமும் அங்கேதான், ரயில்வே உதவியோடு போட்டது, நீளம் 422 மீட்டர். பி.டெக் மாணவரின் அன்றாட வகுப்பெல்லாம் பழைய வளாகத்தில்தான்.

மீனாட்சிபுரம், ஒரு தாத்தா: மருமகன் தார் எஸ் சலாமில் வேலை பார்க்கிறார். பேத்தியைப் பக்கத்தில் சான்சிபார் ஐஐடியில் சேர்க்கலாம் என்கிறார். அது அசல்தானா தம்பி? (இதையே இன்னும் நாலு பேர் கேட்டிருந்தீர்கள்.)

அசல்தான் ஐயா. ஐஐடிகளில் வெளிநாட்டில் திறந்த முதல் வளாகமே அதுதான். 2023 ஜூலையில் ஒப்பந்தம், நவம்பரில் திறப்பு. பொறுப்பேற்ற ப்ரீத்தி அகலாயம் எந்த ஐஐடிக்கும் முதல் பெண் இயக்குநர். பட்டம் கொடுப்பது சென்னை ஐஐடி.

ஆனால் வாசல் வேறு. இங்கே ஐஐடியில் பி.டெக் சேர எழுதுகிற ஜேஇஇ நுழைவுத் தேர்வின் மதிப்பெண் அங்கே தேவையில்லை, அவர்களே வைக்கும் தேர்வும் நேர்முகமும் உண்டு. தொடங்கியபோது இருந்தவை இரண்டே படிப்பு: தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்த நாலு வருஷ பி.எஸ். என்ற இளநிலைப் பட்டம், அதே பாடத்தில் இரண்டு வருஷ எம்.டெக். அப்போது அறிவித்த கட்டணம் பி.எஸ்.ஸுக்கு ஆண்டுக்கு 12,000 டாலர், எம்.டெக்குக்கு 4,000. கிண்டிக் கட்டணத்தை மனதில் வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவீர்கள். இன்றைய தொகையைக் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

வசதி என்று பார்த்தால் கிண்டியோடு ஒப்பிடவே கூடாது. ப்வெலேயோ என்ற இடத்தில் தற்காலிக வளாகத்தில் தொடங்கினார்கள். அறுபது வருஷத்து ஆலமரமும் நூற்றுக்கணக்கான ஆய்வகமும் அங்கே கிடைக்காது. அதற்குப் பதில் சின்ன வகுப்பு, பல நாட்டுப் பிள்ளைகளோடு பழக்கம். அப்பா பக்கத்திலேயே தார் எஸ் சலாமில் இருப்பதால் உங்கள் பேத்திக்கு அது பொருந்தும் என்றே நினைக்கிறேன். இங்கே சித்தூரில் குடும்பத்தை வைத்துக்கொண்டு கடன் வாங்கி அனுப்புவதாக இருந்தால் வேண்டாம் என்பேன்.

ஒரு வேடிக்கை: அங்கே மணி நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். நீங்கள் இரவு ஒன்பதுக்கு போன் போட்டால் அங்கே ஆறரை. அங்கே சுவாஹிலி மொழி பேசுகிறவர்கள் சூரியன் உதித்ததிலிருந்து மணி எண்ணுகிறவர்கள், காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. நம்ம பஞ்சாங்கத்து நாழிகைக் கணக்குப் போலத்தான். உங்களுக்குச் சட்டென்று பிடிபடும், பேத்திக்குத்தான் கொஞ்ச நாள் ஆகும்.

எருத்தேன்பதி, பதினோராம் வகுப்பு: அண்ணா, நான் தமிழ் மீடியம். தமிழிலேயே எழுதி ஐஐடி போக முடியுமா?

பாதி முடியும். ஜேஇஇயில் முதல் கட்டமான மெயின் வினாத்தாள் தமிழிலும் வருகிறது. ஐஐடிக்கு அதற்கு மேல் எழுத வேண்டிய அட்வான்ஸ்டு ஆங்கிலமும் இந்தியும் மட்டும். அதனால் இப்போதிருந்தே இயற்பியல், வேதியியல் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் ஒரு நோட்டில் எழுதி வா. கேரளாவில் இருப்பதால் சென்னையில் இடம் குறையுமா என்றும் கேட்டிருந்தாய். ஐஐடியில் மாநில ஒதுக்கீடே கிடையாது. என்ஐடி என்கிற தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில்தான் அது.

கஞ்சிக்கோடு, கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்: வளாகத்துக்கே போகாமல் படிக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. சென்னை ஐஐடியின் தரவு அறிவியல் பி.எஸ். பட்டம் இணையத்தில் நடக்கிறது, 2020-இல் தொடங்கியது. பிளஸ் டூ முடித்து, பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். நாலு வாரப் பாடம், அதன்மேல் ஒரு தகுதித் தேர்வு, ஜேஇஇ வேண்டாம். பாடம் வீட்டிலிருந்து, பரீட்சை மட்டும் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். முழுப் பட்டம் வரை போக முடியாவிட்டாலும் இடையில் டிப்ளமோ வாங்கிக்கொண்டு நிற்கலாம். நைட் ஷிப்ட் வாரத்தில் பரீட்சை வந்தால் லீவை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கோவிந்தாபுரம்: சேர்வதற்கு முன் ஒரு தடவை சும்மா உள்ளே போய்ப் பார்க்கலாமா?

கேட்டில் நிறுத்திக் கேட்பார்கள். ஜனவரியில் சாஸ்திரா என்ற தொழில்நுட்ப விழாவும் சாரங் என்ற கலை விழாவும் நடக்கும்போது பதிவு செய்துகொண்டு போவது சுலபம். பாலக்காட்டில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் கிண்டி, அப்புறம் ஆட்டோ. கையில் வாழைப்பழம் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.