‘நானே விதிப்புத்தகம்’ என்றவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானிய பேஸ்பால் நடுவர் நிடெகாவா நோபுவாகியைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். ‘நானே விதிப்புத்தகம்’ என்று சொன்னவர்தானே அவர்? விதியைக் காட்டச் சொன்னவரிடம் இப்படிப் பேசுவது திமிர் இல்லையா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

திமிராகத்தான் ஒலிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அன்று அவர் சொன்னதில் பாதியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

1959 ஜூலை 19, டோக்கியோவின் கொராகுயென் மைதானம், டைமாய் ஓரியன்ஸுக்கும் நிஷிடெட்சு லயன்ஸுக்கும் ஆட்டம். ஓடுபவர் தொட வேண்டிய நிலைகளில் இரண்டாவதான இரண்டாம் பேஸுக்கு ஓடிவந்தவரின் காலும் எறிந்த பந்தும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன, அங்கே நின்ற நடுவர் சேஃப், அதாவது அவுட் இல்லை என்று, கொடுத்துவிடுகிறார். லயன்ஸ் மேலாளர் மிஹாரா ஒசாமு சும்மா விடுகிற ஆள் இல்லை, 1956 முதல் 58 வரை தொடர்ந்து மூன்று முறை ஜப்பான் சீரிஸ் என்ற சாம்பியன் தொடரை வென்றவர். நடுவர்கள் அறையில் இருந்த நடுவர்களின் தலைவர் நிடெகாவாவிடம் போய், ஒரே நேரம் என்றால் சேஃப் என்று எந்த விதியில் இருக்கிறது, புத்தகத்தைக் காட்டுங்கள் என்கிறார். நிடெகாவா புத்தகத்தை அன்று வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாராம். அப்போது வந்ததுதான் அந்த வாக்கியம், கூடவே ‘ஒரே நேரம் என்றால் சேஃப்’ என்பதும்.

எனக்கு முக்கியம் அந்த இரண்டாவது பாதி. விதியைப் பாருங்கள், ஓடுபவர் பேஸைத் தொடுவதற்கு ‘முன்பே’ பந்தோடு இருப்பவர் தொட்டால்தான் அவுட். இருவரும் சேர்ந்தே தொட்டால் ‘முன்பு’ என்பதற்கே இடமில்லை. ஆக, புத்தகம் கையில் இருந்திருந்தாலும் பதில் மாறியிருக்காது, மிஹாரா கேட்ட கேள்விக்கு அவர் சரியான பதிலைத்தான் சொன்னார்.

அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். மெய்ஜி பல்கலைக்கழகத்தில் ஆடியவர். 1934 கடைசியில் யோமியுரி நாளிதழின் ஷோரிகி மட்சுதாரோ தொடங்கிய தொழில்முறை அணியில், அதாவது பின்னால் ஜயன்ட்ஸ் ஆன அணியில், வெளிக்கள ஆட்டக்காரராகச் சேர்ந்து, அடுத்த வருடம் அமெரிக்காவில் நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடிய அந்த நீண்ட பயணத்திலும் போனவர். 1936இல் லீக் தொடங்கிய காலத்திலேயே நடுவர் வேலைக்கு வந்துவிட்டார். அப்புறம் லீக் இரண்டாகப் பிரிந்தபோது பசிபிக் லீக் நடுவர்களுக்குத் தலைவர், 1970இல் ஜப்பான் பேஸ்பால் புகழரங்கத்திலும் இடம். ஆட்டக்காரராக அவர் இருந்தது கொஞ்ச காலம்தான், ஆனால் ஜப்பானில் தொழில்முறை ஆட்டம் முளைவிட்ட நாளிலிருந்து உள்ளேயே இருந்த ஒருவருக்கு விதி மனப்பாடமாக இருந்ததில் வியப்பில்லை.

அவரைப் பற்றி இன்னொரு கதையும் சொல்வார்கள்: ஒரு பிட்சர், அதாவது பந்து எறிபவர், நேராக நடுவில் எறிந்த பந்தை ‘இதில் மனசே இல்லை’ என்று சொல்லி ‘பால்’ (சரியான இடத்தில் வராத பந்து என்ற தீர்ப்பு) கொடுத்துவிட்டாராம். இது நடந்திருந்தால் அப்பட்டமான தவறு. பந்து எந்த இடத்தில் கடந்தது என்பதுதான் நடுவர் பார்க்க வேண்டியது, எறிந்தவரின் மனசை எடைபோட அவருக்கு அதிகாரம் இல்லை. திமிர் என்று இதைச் சொல்லியிருந்தால் நானும் உங்கள் பக்கம்தான்.