துளிர் விட்ட ரோஜாக் குச்சி ஏன் கருகுகிறது?

கேள்வி: "வணக்கமுங்க. நாங்க தாராபுரம் பக்கம். எங்க அம்மா வீட்டுல இருந்து நாட்டு ரோஜாக் குச்சி பத்து வெட்டிட்டு வந்து, ஆடிப்பட்டம் ஆச்சேன்னு ஆடி மாசமே தொட்டியில நட்டு மொட்டை மாடியில வெச்சேனுங்க. செம்மண்ணும் சாணி எருவும் கலந்து, காலையும் சாயங்காலமும் தண்ணி ஊத்தினேன். பத்து நாள்ல எல்லாக் குச்சியும் அழகாத் துளிர் விட்டுச்சு. அப்புறம் ஒண்ணொண்ணா வாடி, மூணு வாரத்துல பத்தும் போயிருச்சு. பிடுங்கிப் பார்த்தா ஒரு வேர்கூட இல்லை, அடி கறுத்துப் போயிருக்கு. அந்த வீட்டைத் தை மாசம் இடிக்கப் போறாங்க. அதுக்குள்ள அம்மா வெச்ச செடியை எப்படியாவது இங்க கொண்டு வரணும். என்ன பண்றதுங்க?"

பதில்: கைராசி இல்லையோ என்று மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அம்மணி. பத்துக் குச்சியும் துளிர்த்திருக்கிறது என்றால் நீங்கள் வெட்டி வந்தது நல்ல குச்சிதான். தவறு நட்ட பிறகு நடந்திருக்கிறது. பெரும்பாலானவர்கள் இதே இடத்தில்தான் ஏமாந்து போகிறார்கள்.

துளிர் வந்தால் வேரும் வந்துவிட்டது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். குச்சிக்குள் மாவுச்சத்து சேர்ந்திருக்கிறது, கொஞ்சம் ஈரமும் இருக்கிறது. கணுவில் உள்ள மொட்டு விரிய அதுவே போதும். வெட்டிப் போட்ட முருங்கைக் கட்டை வேலியோரம் கிடந்தபடியே துளிர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஏது வேர்? அந்தக் கையிருப்பு தீர்வதற்குள் அடியில் வேர் வர வேண்டும். வராவிட்டால் புது இலைகள் காற்றில் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும், கீழிருந்து உறிஞ்சித் தர ஆள் இருக்காது. நான் நர்சரி ஆரம்பித்த வருடம் துளிரை நம்பி இருநூறு செம்பருத்திக் குச்சிகளை நிழலிலிருந்து வெயிலுக்கு மாற்றினேன். ஒரே வாரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. இன்றும் அந்தத் தட்டுகள் கண்ணில் நிற்கின்றன.

அடுத்தது ஆடிக் காற்று. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னது விதைக்கு. விதை மண்ணுக்குள் இருக்கிறது, முளைத்ததும் முதலில் வேரைத்தான் விடுகிறது. குச்சியோ காற்றில் நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று நம் பக்கத்துக்கு மழையைக் குறைவாகத்தான் தரும். வேகமும் வறட்சியும்தான் அதிகம். உங்கள் ஊரைச் சுற்றி மின்சாரம் எடுக்க இத்தனை காற்றாலைக் காத்தாடிகளை நட்டு வைத்திருப்பதே அந்தக் காற்றை நம்பித்தான். மொட்டை மாடியில் அந்தக் காற்று எப்படி அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே இலை காய்கிறது. வாடுகிறதே என்று நாம் இன்னும் ஊற்றுகிறோம். எரு கலந்த ஈர மண்ணில், வெட்டுவாய் திறந்திருக்கும் குச்சியின் அடி அழுகுகிறது. நீங்கள் பார்த்த கறுப்பு அதுதான்.

ஆகவே குச்சி நடும்போது முதலில் பார்க்க வேண்டியது அதைச் சுற்றியுள்ள காற்றின் ஈரம். மண் ஈரம் அதற்கு அடுத்ததுதான். நம் பெரியவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். முருங்கைப் போத்து, அதாவது நடுவதற்காக வெட்டிய தடித்த கிளை, நடும்போது தலையில் சாணி அப்புவது எதற்கு? வெட்டிய இடம் வழியாக ஈரம் போகாமல் அடைக்கத்தான். உங்கள் பக்கத்து மூலனூர் முருங்கை தலைமுறை தலைமுறையாகப் போத்திலேயே வந்தது. காங்கேயம் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்து வேலியில் நிற்கும் கிளுவை முள்செடியும் போத்துதான். அவை கை மொத்தத்துக்கு இருப்பதால் உள்ளிருக்கும் ஈரமும் சத்தும் வேர் வரும்வரை தாங்கும். ரோஜாக் குச்சி பென்சில் கனம். அதற்கு நாம்தான் மறைப்புக் கொடுக்க வேண்டும்.

இப்போது புரட்டாசி. காற்று அடங்கிவிட்டது, ஐப்பசி மழை வரப்போகிறது. நம் ஊரில் குச்சி நட இதைவிட நல்ல காலம் இல்லை.

அம்மா வீட்டுக்குக் காலையில் வெயில் ஏறும் முன் போங்கள். பூத்து முடிந்த கிளையாகப் பாருங்கள். அதில் ஒரு முள்ளைப் பக்கவாட்டில் தள்ளினால் சுத்தமாக உடைந்து வர வேண்டும். வளைந்து பட்டையோடு உரிந்து வந்தால் கிளை இன்னும் இளசு. ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு போதும். அடியில் ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேலே ஒரு கணுவுக்குச் சற்று மேலே நேராகவும் வெட்டுங்கள். இதனால் பின்னால் தலை எது, அடி எது என்ற குழப்பம் வராது. தலைகீழாக நட்டால் வேர் ஒழுங்காக வராது, ஏனென்றால் வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற பொருள் நுனியிலிருந்து அடியை நோக்கித்தான் இறங்குகிறது. கத்தியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள். நசுக்கும் கத்தரி வேண்டாம். மொட்டு, பூ எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு அவற்றையும் பாதியாகக் கத்தரியுங்கள். ஈரத் துணியில் சுற்றிக் கவரில் போட்டு, அன்றைக்கே நட்டுவிட வேண்டும். பத்துக்குப் பதில் இருபதாக வெட்டுங்கள். எனக்கே எல்லாம் பிடிப்பதில்லை.

மண்ணுக்குப் பதில் தென்னை நார்க்கழிவும் கழுவிய மணலும் சரிபாதி எடுத்துக்கொள்ளுங்கள். நார்க்கழிவு பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து எல்லா ஊர் நர்சரிக்கும் வருகிறது. அதில் உப்பும் துவர்ப்புச் சாறும் இருக்கும் என்பதால் ஊறவைத்துப் பிழிந்து, மூன்று தண்ணீர் மாற்றுங்கள். கல்லை உடைத்துச் செய்யும் எம் சாண்ட் மணல் என்றால் மாவு போகக் கழுவ வேண்டும், அந்த மாவு இறுகி வேருக்குக் காற்றில்லாமல் செய்துவிடும். எரு, உரம் எதுவும் இப்போது வேண்டாம். உங்கள் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள். தேவைப்படுவது கொஞ்சம்தான்.

தொட்டிக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலே போதும். குறுக்கே இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதியின் அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, கலவையை நிரப்புங்கள். ஒரு குச்சியால் முதலில் குழி போட்டு, அதில் ரோஜாக் குச்சியை இரண்டு கணு உள்ளே போகிற மாதிரி இறக்கி, சுற்றி அழுத்துங்கள். மேல்பாதியைக் குல்லாய் மாதிரி மூடுங்கள். உள்ளே நீர் முத்து முத்தாகப் படிந்திருந்தால் காற்றில் ஈரம் போதுமானது என்று அர்த்தம். வாசலிலோ திண்ணையிலோ வெளிச்சம் உண்டு, நேர் வெயில் இல்லை என்கிற இடத்தில் வையுங்கள். மூடிய பாட்டில் மேல் நேர் வெயில் பட்டால் உள்ளே வெந்துவிடும். கீழ்ப்பாதியைச் சுற்றி நியூஸ் பேப்பர் கட்டினால் வேருக்கு இருட்டு கிடைக்கும், அவிழ்த்தால் வேரைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிடுங்கிப் பார்க்கும் வேலையே இருக்காது. மேல்பரப்பு காய்ந்தால் மட்டும் தண்ணீர். மூன்று நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் காற்றாட விடுங்கள்.

வேர்ப்பொடி வாங்கணுமா என்று கேட்பீர்கள். நாட்டு ரோஜா அது இல்லாமலும் பிடிக்கும். இருந்தால் வேர் சீக்கிரமும் அதிகமாகவும் வரும். ரூட்டிங் ஹார்மோன் என்று உரக்கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் இண்டோல் பியூட்ரிக் அமிலம் இருக்கும். அடியை ஈரம் செய்து பொடியில் தொட்டு, அதிகம் ஒட்டியதைத் தட்டிவிட்டு நடுங்கள். அளவு கூடினால் வேர் தடைபடும். தேன், மஞ்சளை நம்பி வேருக்குக் காத்திருக்க வேண்டாம். வெட்டுவாயில் பூஞ்சணம் பிடிக்காமல் அவை கொஞ்சம் உதவலாம், வேரைத் தூண்டும் மருந்து அவை இல்லை.

நாலிலிருந்து ஆறு வாரத்தில் பாட்டில் சுவரோரம் வெள்ளை வேர் தெரியும். அடியில் வெறும் வெள்ளைக் கட்டி மட்டும் தெரிந்தால் அது காயம் ஆறிய திசு, இன்னும் பொறுங்கள். வேர் நன்றாக ஓடியதும் மூடியை முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று பத்து நாளில் முழுதாக எடுத்து, பிறகுதான் எருவுள்ள தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

குச்சியை மட்டுமே நம்பாதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். தாய்ச் செடி இன்னும் உயிரோடு இருக்கிறது, தை வரை அவகாசமும் இருக்கிறது. தாழ இருக்கும் ஒரு கிளையை வளைத்து, ஒரு கணுவுக்குக் கீழே பட்டையைச் சற்றுச் சீவி, அந்த இடத்தை மண்ணில் புதைத்து மேலே ஒரு செங்கல் வையுங்கள். நுனி வெளியே நிற்கட்டும். பதியன் போட்ட கிளைக்குத் தாயிடமிருந்து தண்ணீரும் சத்தும் வந்துகொண்டே இருப்பதால் வாடாது. இரண்டு மாதத்தில் வேர் பிடித்துவிடும், அப்புறம் வெட்டிப் பெயர்க்கலாம். மார்கழிக் கடைசியில் தாய்ச் செடியையும் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து, வேர் மண் உதிராமல் தோண்டி, சாக்கில் கட்டி எடுத்து வந்துவிடுங்கள். வயதான செடி, பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். முயற்சி செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.

இதே பாட்டில் முறை செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, மல்லி எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். பாலும் சதையும் உள்ள அடீனியம், பெருமாள் அரளிக் குச்சிகளை மட்டும் வெட்டுவாய் காயும்படி சில நாள் நிழலில் போட்டு, மூடாமல் நட வேண்டும். கருவேப்பிலைக் குச்சியோடு மல்லுக்கட்ட வேண்டாம். பழுத்த பழத்தின் புது விதையைப் போடுங்கள், அல்லது வேரிலிருந்து வரும் பக்கக் கன்றை எடுங்கள். நர்சரியில் வாங்கிய ஒட்டு ரோஜாவில் ஒட்டுக்குக் கீழே வரும் கிளையில் குச்சி எடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது அடிச்செடியின் காட்டு ரோஜாதான்.

புதுச் செடியில் தையிலோ மாசியிலோ முதல் மொட்டு வரும். அம்மா செடியின் பூ ஆயிற்றே, மனசு வராது. இருந்தாலும் முதல் இரண்டு மொட்டை மட்டும் கிள்ளிவிடுங்கள். அந்தச் சத்தில் பக்கக் கிளை இரண்டு மூன்று கிளம்பட்டும்.